போக இரண்டு மணித்தியாலம், வர எட்டு

போன கிழமை நீங்கள் மூன்று பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கொழும்பிலிருந்து றியாத் எவ்வளவு தூரம், பிளேனில் எவ்வளவு நேரம் என்று தேடினீர்கள். இமை வெட்டுவதற்குள் விடை வந்தது. சின்ன மகள் அதைச் சத்தமாக வாசித்தா. குசினிக்குள் நின்ற உங்கள் உம்மா அதைக் கேட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் உம்மா நடுவில் புகுந்து திருத்துவா, அதனால் எழுதித் தருகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

அப்போது நீங்கள் ஒருவரும் பிறக்கவில்லை. எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருசம்தான். நம்மட பக்கத்து வழக்கப்படி நான் மாப்பிள்ளையாகப் போய், சாய்ந்தமருதில் உம்மாவின் வீட்டில் இருந்தேன். கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாமாவும் மாமியும். மாமா என்றால் உம்மாவின் வாப்பா, உங்கள் மூத்தவாப்பா. சொந்தத்துக்குள் முடித்த கலியாணம் என்பதால் உம்மா என்னை அன்றைக்கும் மச்சான் என்றுதான் கூப்பிடுவா, இன்றைக்கும் அப்படித்தான்.

மாமா லொறி ட்றைவர். கல்முனையில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், வரும்போது கடைச் சாமான் ஏற்றி வருவார். தூரத்தை அவர் மைலில் சொல்லமாட்டார், பீடியில்தான் சொல்லுவார். சம்மாந்துறை ஒரு பீடி. அம்பாறை மூன்று பீடி. மகியங்கனை என்றால் ஒரு கட்டு. நோன்பு மாதத்தில் பகலில் பீடி கிடையாது, அதனால் அந்த மாதம் முழுக்க எந்த ஊர் எவ்வளவு தூரம் என்றே தனக்குத் தெரியாமல் போகுது என்பார்.

அந்த வீட்டுச் சுவரில் மணி அடிக்கிற பெரிய மணிக்கூடு ஒன்று இருந்தது. மாமா வாங்கியது, மாமா மட்டும் சாவி கொடுப்பது. அந்த வருசம் கரண்ட்டை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அரசாங்கம் நாடு முழுக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. சில மாதத்துக்குப் பிறகு அது சரிவரவில்லை என்று அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. புது நேரமா, பழைய நேரமா என்று கேட்காமல் ஊரில் ஒருவரும் ஒரு கலியாண வீட்டுக்கும் போகமாட்டார்கள். மாமா இரண்டு தரமும் மணிக்கூட்டைத் தொடவில்லை. சூரியன் பழையபடிதான் உதிக்குது, நான் ஏன் மாத்த வேணும் என்றார். எடுக்கிறதையும் எடுத்துப்போட்டு அதில் பாதியைத் தருகிறவனை எப்படி நம்புவது என்றும் கேட்டார். அதனால் எங்கள் வீட்டில் சுவரில் ஒரு நேரம், றேடியோவில் ஒரு நேரம். மாமிக்கு இரண்டும் தேவையில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் அதுதான் அவவுக்கு நேரம்.

இப்படி இருக்கையில், மருதமுனையில் உள்ள ஒருவர் மூலமாக எனக்கு றியாத்தில் ஒரு தையல் கடைக்கு விசா வந்தது. அரபிகள் போடுகிற நீள அங்கி தைக்கிற வேலை. இரண்டு வருசம். மாமாவும் மாமியும் நல்லது என்றார்கள். உம்மா மட்டும் ஓம் சொல்லவில்லை. கோபிக்கவுமில்லை. மீன் வெட்டிக்கொண்டே, "தூரத்துக்கு விட ஏலா மச்சான்" என்றா. அவ்வளவுதான். அழுது மறித்திருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். இப்படிச் சத்தமில்லாமல் மீன் வெட்டுகிறவவிடம் என்னத்தைச் சொல்வது? அவவின் முகம் கறுத்திருக்க, அவவின் வீட்டுப் படியால் இறங்கிப் போக எனக்கு மனமில்லை. விசாவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றே நினைத்துவிட்டேன்.

நோன்பு தொடங்கி ஒரு கிழமை போனபிறகு டிக்கட் வந்தது. ஏஜென்சிக்காரர் பிளேன் நேரத்தைத் தனியாக ஒரு கடதாசித் துண்டில் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். வீட்டில் இங்கிலீசு எழுத்தை ஒழுங்காக வாசிக்கிறது உம்மா ஒருவதான். வாசித்தா. கொழும்பில் வெளிக்கிடுவது பகல் இரண்டு மணி. றியாத்தில் இறங்குவது பின்னேரம் நாலு மணி.

எல்லாரும் அந்தத் துண்டை எட்டிப் பார்த்தோம். பிறகு மாமி, அப்படியென்றால் இரண்டே மணித்தியாலமா என்று கேட்டா. உம்மா துண்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, ஓம் என்றா.

எனக்கே நம்பிக்கை வரவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு தேசப்படப் புத்தகம் இருந்தது. அதை வாங்கி வந்து என்னுடைய அளவு நாடாவை விரித்து வைத்து அளந்தேன். தையல்காரனுக்கு வேறு என்ன தெரியும்? ஒரு இஞ்சிக்கு, அதாவது ஒரு அங்குலத்துக்கு, எட்டு நூல் என்பது எங்கள் கணக்கு. கல்முனையிலிருந்து கொழும்பு ஒரு நூல். கொழும்பிலிருந்து றியாத் இரண்டேகால் இஞ்சி, அதாவது பதினெட்டு நூல். மாமாவிடம் சொன்னேன். மாமா படத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஒரு நூலுக்கே எனக்கு ரெண்டு நாள் போகுது. பதினெட்டு நூலுக்கு ரெண்டு மணித்தியாலமா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், மேல செக்பொயின்ட் இல்லத்தானே" என்றார்.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் அப்படித்தான். வெள்ளாப்பில், சூரியன் உதிக்க முன்னம் வெளிக்கிட்டால் அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை என்று வழி நெடுக இறக்கி ஏற்றி, மூட்டையைக் குத்திப் பார்த்து, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்டியில் ஒரு ராத் தங்கி, மறுநாள்தான் கொழும்பு. அதனால் மாமா சொன்ன காரணம் எல்லாருக்கும் சரியாகவே பட்டது. மாமி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, நோன்புக் கஞ்சி ஆறுவதற்கு முன்னம் மருமகன் போய்விடுவார் என்றா. உம்மாவின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "அப்ப கொழும்பை விடக் கிட்டத்தானே மச்சான்" என்றா. நான் பெரிய ஆள் மாதிரித் தலையை ஆட்டினேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நீங்கள் சிரிப்பீர்கள். இரண்டு நாட்டிலும் நேரம் வேறு என்று ஒருவருக்கும் தெரியாதா என்பீர்கள். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் மாமாவிடம் சொல்லித்தான் இருக்கிறார், சவூதிக்காரரின் மணி நம்மட மணிக்குப் பின்னுக்கு நிற்கும் என்று. மாமா அவரை ஒரு சொல்லில் மடக்கிப்போட்டு வந்தார். சவூதியில் பிறை நமக்கு ஒரு நாள் முந்தித் தெரியும். நோன்பும் முந்தி, பெருநாளும் முந்தி. நாங்கள் இங்கே நோன்போடு இருக்கும்போது அவர்கள் அங்கே பெருநாள் சோறு தின்பார்கள். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. "நமக்கு ஒரு நாள் முன்னுக்கு நிக்கிற ஆக்கள்ட மணி மட்டும் எப்பிடிப் பின்னுக்கு நிக்கும்?" என்று மாமா கேட்டார். கடையில் இருந்தவர்கள் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் இருந்த நாங்களும் ஏற்றுக்கொண்டோம்.

அடுத்தநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா அந்தத் துண்டை மீண்டும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. கீழே இன்னொரு வரி இருந்தது, முதல் நாள் சந்தோசத்தில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை. அது இரண்டு வருசம் கழித்துத் திரும்பி வருகிற பிளேனின் நேரம். றியாத்தில் வெளிக்கிடுவது இரவு பத்து மணி. கொழும்பில் இறங்குவது விடிய ஆறு மணி.

"போக ரெண்டு, வர எட்டு" என்றா உம்மா.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா ஆடாமல் அசையாமல் விளக்கம் சொன்னார். கொழும்புக்குப் போகும்போது மகியங்கனைக்கு அங்கால பதினெட்டு வளைவு ஏற்றம் இருக்கிறது. பாரத்தோடு ஏறினால் லொறி நடக்கிற ஆளைவிட மெல்லத்தான் போகும். வரும்போது அதே பாதை இறக்கம், எக்சிலேட்டரை மிதிக்காமலே வரலாம். றியாத் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

மாமாவுக்கு அது பயமில்லாத விசயம். உம்மாவுக்கு அப்படி இல்லை. அன்றைக்கு நோன்பு திறந்த பிறகு கோப்பை கழுவிக்கொண்டு அவ என்னிடம் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"போறது லேசு, வாறது கஷ்டமெண்டா, போன ஆக்கள் அங்கேயே நிண்டுடுவாங்க மச்சான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவவுக்கு இருந்த பயம் தூரத்துக்கு இல்லை என்று. நான் திரும்பி வராமல் போய்விடுவேனோ என்பதுதான். உம்மாவின் சொந்தத்தில் ஒருவர் இரண்டு வருசம் என்று போய் ஏழு வருசம் வரவில்லை. அதை ஒருவரும் வீட்டில் கதைக்கமாட்டார்கள், ஆனால் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் நானும் உம்மாவும் தேவைக்கு மட்டும் கதைத்தோம். மூன்றாம் நாள் நான் ஒரு யோசனை சொன்னேன். பிளேன் நாலு மணிக்கு இறங்கும். அன்றைக்கு நானும் நோன்பு, நீயும் நோன்பு. நீ இங்கே பாங்கு சொல்லும்போது ஈத்தம்பழத்தை வாயில் வை, அதே நேரம் நான் அங்கே வைக்கிறேன். இரண்டு பேரும் ஒன்றாக நோன்பு திறப்போம், ஒன்றாகவே அல்லாஹ்விடம் துஆக் கேட்போம். அப்படி ஒன்றாகத் திறக்கக்கூடிய அளவு கிட்டத்தில் இருக்கிற இடத்திலிருந்து வரமாட்டேனா என்று கேட்டேன். உம்மா என் பக்கம் திரும்பி, "சத்தியமா?" என்றா. சத்தியம் என்றேன். அதற்குப் பிறகுதான் என்னுடைய சேர்ட்டுகளை மடித்து பேக்கில் வைக்கத் தொடங்கினா.

கொழும்புக்கு மாமாவின் லொறியில்தான் போனேன். மாமி ஒரு பிளாஸ்க் தந்தா. அடுத்தநாள் கொழும்பில் தெரிந்த ஒரு வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சி அதில் ஊற்றித் தரவேண்டும் என்று அந்த வீட்டுக்காரிக்கு மாமாவிடம் சொல்லி அனுப்பினா, எவ்வளவு இஞ்சி, எவ்வளவு உள்ளி என்பது வரைக்கும். உம்மா ஒரு கடதாசியில் சுற்றி நாலு ஈத்தம்பழம் தந்தா. பதினெட்டு வளைவில் லொறி முக்கி முனகி ஏறும்போது மாமா கியரை மாற்றிவிட்டு, "பாருங்க மருமகன், இதுதான் நீங்க திரும்பி வரக்குள்ள" என்றார். நான் கீழே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன்.

பிளேனைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், நீங்கள் ஏறியிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்தது ஜன்னல் பக்கம். பக்கத்தில் அக்கரைப்பற்று ஆள் ஒருவர், இரண்டாம் தரம் போகிறவர், வயதில் மூத்தவர் என்பதால் காக்கா என்று கூப்பிட்டேன். பிரயாணிக்கு நோன்பில் சலுகை இருக்கிறதென்று சாப்பாடு வந்ததும் நன்றாகச் சாப்பிட்டார். கோழி எலும்பைக்கூட விடவில்லை. நீங்களும் சாப்பிடுங்க தம்பி, பிறகு ஒரு நாள் பிடிக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். பிறகு அவர் நித்திரையாகிவிட்டார்.

என் கையில் இருந்த மணிக்கூடு றேடியோ நேரம், அதாவது புது நேரம். நாலு மணியானது. இறங்கவில்லை. பிந்திவிட்டது போல என்று நினைத்தேன். ஐந்து மணியானது. கீழே கடல்தான். ஒருவரும் பதறவில்லை. வழியில் எங்கேயோ நிற்பாட்டிச் செக் பண்ணுகிறார்களோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஆறு மணி தாண்டியது. ஊரில் இந்த நேரம் உம்மா பாயை விரித்து, கஞ்சிக் கோப்பையை வைத்து, ஈத்தம்பழத்தைக் கையில் எடுத்திருப்பா. நானும் கடதாசியைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தேன். ஜன்னலைப் பார்த்தேன். வெயில் எங்கள் கடற்கரையில் அஸருக்கு அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. சூரியன் இறங்குகிற நோக்கத்தோடு இருப்பதாகவே தெரியவில்லை.

அக்கரைப்பற்றுக்காரர் கண் முழித்து, பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிற என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி பாக்கிறீங்க?"

"மஃரிபைப் பாக்கிறன் காக்கா. நோன்பு திறக்கிற நேரம் வந்துட்டு, சூரியன் போகல்ல."

அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "அது எப்பிடிப் போகும்? நாமதானே அதுக்குப் புறத்தால ஓடிக்கொண்டு போறம். உங்கட ஊர் மஃரிபு ஊரிலேயே நிண்டுட்டு. நமக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு" என்றார்.

பிறகு விளக்கமாகச் சொன்னார். அங்கே மணி நமக்கு மூன்று மணித்தியாலம் பின்னுக்கு. துண்டில் இருந்த நாலு மணி அவர்களுடைய நாலு மணி, நம்மட ஏழு மணி. பிறை ஒரு நாள் முந்துவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் மாமாவின் முகம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. அடுத்தது உம்மாவின் முகம் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நிமிசத்தில் சாய்ந்தமருதில் பாங்கு சொல்லியிருக்கும். உம்மா பழத்தை வாயில் வைத்து, நானும் வைத்துவிட்டேன் என்று நம்பித் துஆக் கேட்டுக்கொண்டிருப்பா. நான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நான் பிரயாணி. நினைத்தால் அந்த இடத்திலேயே தின்னலாம், குற்றமில்லை. சொன்ன சொல்லும் காப்பாற்றியதாக இருக்கும். அக்கரைப்பற்றுக்காரரும் தின்னுங்க தம்பி என்றுதான் சொன்னார். ஆனால் அது நோன்பை விடுவது, திறப்பது இல்லை. உம்மாவோடு சேர்ந்து திறப்பேன் என்றுதான் நான் சொன்னேன். வெயில் கண்ணுக்கு முன்னால் அடிக்கும்போது தின்றுவிட்டு, உன்னோடு சேர்ந்து திறந்தேன் என்று அவவுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. பழத்தைத் திரும்பக் கடதாசியில் சுற்றினேன். துஆவை மட்டும் அந்த நேரத்திலேயே கேட்டேன். அதற்குச் சூரியன் தேவையில்லைத்தானே.

றியாத்தில் இறங்கியபோது நல்ல வெளிச்சம். பேக்கைச் சோதித்தவர் மாமியின் பிளாஸ்கைத் திறந்து மணந்து பார்த்தார். உள்ளியும் இஞ்சியும் அவர் முகத்தில் அடித்தது. என்ன என்று அரபியில் கேட்டார். கஞ்சிக்கு அரபியில் என்ன சொல்வது? றமழான் என்றேன். அவர் சிரித்து மூடித் தந்தார். என்னைக் கூட்டிப்போக வர வேண்டிய ஆள் பிந்தியதால் அங்கேயே நின்றேன். கடைசியில் பாங்கு கேட்டது. நிலத்தில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்துத் தண்ணியும் பழமும் வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கூப்பிட்டார்கள். நான் முதலில் உம்மா தந்த பழத்தைத்தான் வாயில் வைத்தேன். பிறகு கஞ்சியை மூடியில் ஊற்றிப் பக்கத்தில் நின்றவர்களோடு பகிர்ந்தேன். அக்கரைப்பற்றுக்காரரும் ஒரு மூடி வாங்கிக் குடித்தார். நீங்கள் நோன்பில்லையே காக்கா என்றேன். "நோன்பு இல்லாட்டியும் கஞ்சி கஞ்சிதானே தம்பி" என்றார்.

சுகமாக வந்து சேர்ந்தேன் என்று கல்முனையில் ஒரு கொமினிகேசன் கடைக்குப் போன் எடுத்து வீட்டுக்குச் சொல்லிவைத்தேன். அதற்கு மேல் போனில் கதைக்க அந்த நாளில் வசதியில்லை. எல்லாரும் கெசட்டில்தான் கதைப்போம். றேடியோவில் கெசட்டைப் போட்டு, முன்னால் இருந்து கதைத்துப் பதிந்து, ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிடுவது. பெருநாள் முடிந்து எனக்கு வெறும் கெசட் ஒன்று கிடைத்தது. அறையில் இருந்தவர்கள் வேலைக்குப் போகும்வரைக்கும் காத்திருந்து பதிந்தேன்.

என்ன சொல்வது என்று இரண்டு மனமாக இருந்தது. சேர்ந்துதான் திறந்தோம் என்று சொல்லிவிட்டால் உம்மா நிம்மதியாக இருப்பா. ஆனால் இரண்டு வருசத்துக்கு அந்தப் பொய்யை நான் சுமக்க வேண்டும். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். றியாத் இரண்டு மணித்தியாலம் இல்லை. மணிக்கூடு மூன்று மணித்தியாலம் பின்னுக்கு. நீ திறந்த நேரம் நான் வெயிலுக்குள் இருந்தேன். பழத்தைக் கையில் வைத்திருந்தேன், தின்னவில்லை. துஆ மட்டும் கேட்டேன். இதைச் சொல்லி முடித்தபோது கெசட்டில் ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. மற்றப் பக்கத்தில் என்ன கதைப்பது என்று தெரியாமல் மாமிக்கும் மாமாவுக்கும் சலாம் சொல்லிவிட்டு நிற்பாட்டினேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் தைத்த அங்கியில் எத்தனைக்குக் கையை மாற்றி வைத்தேன் என்று கேட்காதீர்கள். தூரம் என்று தெரிந்தபிறகு உம்மா என்ன நினைப்பா, வா என்று சொல்லுவாவா, கதைக்காமலே விட்டுவிடுவாவா என்று அதே யோசனை.

கெசட் வந்தது. போட்டதும் முதலில் மாமாவின் செருமல். மாமா கெசட்டில் கதைக்கும்போது லொறிக்கு வெளியே நிற்கிற ஆளோடு கதைக்கிற மாதிரிச் சத்தமாகத்தான் கதைப்பார். சலாம் சொல்லிவிட்டு நேராக விசயத்துக்கு வந்தார்.

"மருமகன், நான் சொன்ன ஏத்தம் இறக்கம் பிழை. நான் யோசிச்சுப் பாத்தன். பின்னேரத்தில கொழும்புப் பக்கம் ஓடக்குள்ள சூரியன் எண்ட கண்ணுக்குள்ளேயே நிக்கும், போகாது. எத்தின வருசமா அதத் துரத்தி ஓடியிருக்கன். லொறியில புடிக்க ஏலாது, பிளேனில கொஞ்சம் புடிக்கலாம் போல."

அடுத்தது மாமி, கஞ்சி புளித்ததா என்று மட்டும் கேட்டா. பிறகு உம்மா. உம்மாவின் குரல் வர முதல் கொஞ்சநேரம் கெசட் சும்மா ஓடியது. நான் றேடியோவுக்குக் கிட்டக் குனிந்துகொண்டேன்.

"மச்சான், நான் திறந்தன், நீங்க திறக்கல்ல. சரி, ஒரு நாள் நான் முந்திட்டன். நீங்க பொய் சொல்லாம விட்டதுக்கு எனக்குச் சந்தோசம். இப்பக் கேளுங்க. போக ரெண்டு, வர எட்டு. ரெண்டையும் கூட்டினாப் பத்து. அதில பாதி அஞ்சு. போறதும் அஞ்சு, வாறதும் அஞ்சு. வாற வழி போற வழியைவிட ஒரு நிமிசமும் கூட இல்ல. எனக்கு அது போதும்."

நான் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். பிளேனில் பறந்து போன எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. சாய்ந்தமருதில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவவுக்கு வந்திருக்கிறது. அவ இன்னும் கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வீட்டு மணிக்கூடு அடித்தது. மூன்று தரம். உடனே உம்மா, இருட்டப் போகுது மச்சான், மஃரிபுக்குக் கொஞ்சநேரம்தான் இருக்கு, லைட்டைப் போடப் போறன் என்றா. இருட்டுகிற நேரத்தில் மணிக்கூடு மூன்று அடிக்கிறதே, மாமா சாவி கொடுக்க மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த கெசட்டுகளிலும் அப்படித்தான். காலைச் சமையல் சத்தம் கேட்கும், மணிக்கூடு நாலு அடிக்கும். நான் ஊருக்குப் போய்ச் சரிபார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருசம் முடிந்து, சொன்னபடி வந்தேன். இரவு பத்து மணிக்கு ஏறி, விடிய ஆறு மணிக்கு இறங்கினேன். ஐந்து மணித்தியாலம்தான், எண்ணிக்கொண்டே வந்தேன். மாமா லொறியோடு வந்து நின்றார். பதினெட்டு வளைவில் இறங்கும்போது, பாருங்க மருமகன், வாறதுதான் இறக்கம் என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தது மறுநாள் பின்னேரம். உம்மா வாசலில் நின்றா. என்ன கதைத்தோம் என்பதை நான் எழுதமாட்டேன், உம்மாவிடம் கேளுங்கள், அவவும் சொல்லமாட்டா. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தேன். வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. மணிக்கூடு இரண்டு மணி காட்டியது. பழுதாக இல்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா, இது என்ன நேரம் என்று கேட்டேன். மாமா பீடியைத் தேடுகிற மாதிரிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாமிதான் சொன்னா. என் முதல் கெசட்டைக் கேட்ட அன்றைக்கே, ஒருவரும் கேட்காமல், மாமா கதிரையில் ஏறி மணிக்கூட்டைத் திருப்பி றியாத் நேரத்துக்கு வைத்துவிட்டாராம். மகள் அதைப் பார்த்து, இப்ப மருமகன் கடை திறப்பார், இப்ப சாப்பிடுவார் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று. நேரம் பார்க்க வந்த அயல்வீட்டுப் பெண்கள் முதல் இரண்டு நாள் குழம்பிப்போனார்களாம். பிறகு அவர்களும் மூன்றைக் கூட்டிப் பழகிவிட்டார்களாம். அரசாங்கம் நாட்டையே திருப்பியபோது தொடாத மணிக்கூடு, பிள்ளைகளே.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து மாமா கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். "மருமகன் வந்துட்டார். இனி இந்த நேரம் வேணாம்" என்றார். உம்மா கீழே நின்று, புது நேரத்துக்கு வைங்க வாப்பா என்று சொல்லிப் பார்த்தா. மாமா காதில் விழாத மாதிரி முள்ளைத் திருப்பிப் பழைய நேரத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தினார். அது அப்படியே ஓடியது. நீங்கள் எல்லாரும் பிறந்து, மூத்தவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் றேடியோவில் சொன்னார்கள், நாடு முழுக்க இனிப் பழைய நேரம்தான் என்று. மாமா சாய்மனைக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தார், றேடியோவைப் பார்த்தார். மாமியிடம் ஒரு தேத்தண்ணி கேட்டார்.

போன கிழமை சின்ன மகள் போனில் வாசித்த விடை ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம் என்று. அதைத்தான் உம்மா எனக்குக் கெசட்டில் சொன்னா. அதுதான் சிரித்தா.